காய்ச்சலை மறந்த நாள்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை உங்களுக்குத் தரவில்லை. தீர்ப்பை நான் என்றோ எழுதிவிட்டேன். நடந்ததைக் கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். எதிரி ஒரு பள்ளி ஆசிரியர். செஞ்சியில் எங்கள் நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் அவர் கையில் இருந்தன. அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். இரக்கத்தால் அன்று, காரணம் கடைசியில் விளங்கும்.

முதலில் என் குற்றத்தை நானே ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் கவனம் நிற்காது. இன்று குறிப்புத் தாள் இல்லாமல் அரைமணி நேரம் மேடையில் முழங்குகிறவன் இப்படிச் சொன்னால் கல்லூரி நண்பர்கள் நம்புவதில்லை. ஆனால் பதினொரு வயதில் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தை நான் ஒருமுறைகூட உட்கார்ந்து முடித்ததில்லை. மூன்றாம் வரியில் கண் இருக்கும்போது திருவண்ணாமலை சாலையில் ஒரு வண்டியின் அச்சு கிறீச்சிடும். அதற்கு எண்ணெய் போட மறந்தவன் யாராக இருக்கும் என்று மனம் எழுந்து போய்விடும். திரும்பி வரும்போது வரி இருக்கும், பொருள் இருக்காது. கணக்கைப் பாதிவரை பிழையின்றிப் போடுவேன். மறுபாதி கூரையில் ஓடும் அணிலோடு போய்விடும். பலகையை எங்கே வைத்தேன் என்று தெரியாது. ஆனால் முன் பெஞ்சில் எவன் எவனிடம் என்ன முணுமுணுத்தான் என்று கேட்டால் எழுத்துப் பிசகாமல் சொல்வேன். எல்லா ஒலிகளும் எனக்கு ஒரே உரப்பில் கேட்டன. அவற்றுள் ஆசிரியரின் குரலும் ஒன்று, அவ்வளவுதான்.

இதை அவர் முதலில் சோம்பல் என்றார். பிறகு திமிர் என்றார். இறுதியில் எங்கள் தொழிலிலிருந்தே எனக்கு ஒரு பட்டம் எடுத்துத் தந்தார். என் அப்பா, நான் நைனா என்று அழைப்பவர், கடைத்தெருவுக்குப் பின்னால் செக்கு வைத்து மல்லாட்டை என்னும் நிலக்கடலையில் எண்ணெய் ஆட்டிவந்தார்.

"செக்குமாடு கூட விட்ட வழியில சுத்தும்டா. நீ அதுக்கும் லாயக்கில்ல" என்பார் ஆசிரியர். வகுப்பு சிரிக்கும். சிரித்தவர்களை மன்னித்துவிட்டேன், சிரிக்காவிட்டால் அவர்களுக்கும் அடி விழும்.

அந்தச் செக்கைப் பற்றி அவர் அறியாத ஒன்று உண்டு. நான் படித்ததெல்லாம் அங்கேதான். உட்கார்ந்தால் ஓடிய மனம், நடந்தால் நின்றது. மாட்டின் பின்னால் சுற்றிக்கொண்டே உரக்கச் சொன்னால் பாடம் ஏறியது. ஏறியது பிறகு இறங்கவில்லை. சுற்றுக்கு ஒரு தாலுகாவாகத் தென்னார்க்காடு ஜில்லா முழுவதையும் அப்படித்தான் கைப்பற்றினேன். ஆனால் கால் நின்றால் வாயும் நின்றுவிடும். வகுப்பிலோ அசையாமல் நிற்க வைத்துத்தான் கேள்வி கேட்பார்கள்.

ஒரு மாலை ஆசிரியர் எங்கள் செக்கடிக்கே வந்தார்.

"பையனுக்குப் படிப்பு வரல. இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும், பேரை அடிச்சிடறேன். இந்த மாட்டை ஓட்டிக்கிட்டுக் கெடக்கட்டும்."

நைனா எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "இங்க எல்லாத்தையும் கடகடன்னு சொல்றானே சார்."

"மாட்டுக்கிட்ட சொல்றான். எங்கிட்ட சொல்லட்டும்."

நைனா செக்கின் பக்கம் திரும்பிக்கொண்டார். படித்தவர்களிடம் மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. நான் மாட்டின் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் படிப்பு பிடித்திருந்தது என்பதை அங்கிருந்த இருவருள் ஒருவரும் கேட்கவில்லை. அன்று நைனா விழுங்கிய சொற்களையும் சேர்த்துத்தான் நான் இன்று மேடைகளில் பேசுகிறேன்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்திய நாள் மாலையில் ஆசிரியர் காய்ச்சலைப் பங்கிட்டுக் கொடுப்பார். மந்தம் என்று அவர் முடிவு கட்டிய மாணவர்கள் மறுநாள் வகுப்பில் தலைகாட்டக் கூடாது. வருகைப் பதிவேட்டில் அவர்களுக்கு நேரே காய்ச்சல் என்று முன்கூட்டியே எழுதப்பட்டுவிடும். சென்ற ஆண்டுக் காய்ச்சலை நாங்கள் ஐவரும் ராஜகிரிக் கோட்டை மலைமேல் குரங்குகளுக்கு மல்லாட்டை எறிந்து கழித்தோம். இந்த ஆண்டும் விரல் நீண்டது.

"நீ, நீ, கடைசி பெஞ்சுல அந்த ரெண்டு பேரு, அப்புறம் நம்ம செக்குமாடு. நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல்."

மறுநாள் நான் காய்ச்சலை மறந்துவிட்டேன்.

வேண்டுமென்றே வந்தேன் என்று ஆசிரியர் கடைசிவரை நம்பினார். அந்தப் பெருமையை நான் ஏற்க முடியாது. காலையில் கோட்டையை நோக்கித்தான் புறப்பட்டேன். வழியில் மேல்சித்தாமூர் நெல்வண்டி ஒன்று அச்சு முறிந்து சாய்ந்து கிடந்தது. மூட்டைகளை இறக்கி, வண்டியை நிமிர்த்தி, மாற்று அச்சு தேடி நாலு பேர் அல்லாடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பள்ளி மணி அடித்தது. மணி அடித்தால் ஓட வேண்டும் என்பது மட்டும் காலுக்கு நினைவிருந்தது. ஓடிப்போய் என் இடத்தில் உட்கார்ந்த பிறகே, ஆசிரியரின் நாற்காலியில் தலைப்பாகை கட்டிய வேறொருவர் இருப்பதைக் கண்டேன்.

இன்ஸ்பெக்டர் தலைகளை எண்ணினார், பதிவேட்டைப் பார்த்தார், மறுபடியும் எண்ணினார். ஒரு தலை அதிகம். கடைசியாக வந்தவன் நான் என்பதால் என்னை எழுப்பிப் பெயர் கேட்டார்.

"உனக்குக் காய்ச்சல்னு எழுதியிருக்குதே?"

"ஆமாங்க ஐயா. மறந்துட்டேன்."

"எதை?"

"காய்ச்சலை."

ஆசிரியர் முந்திக்கொண்டார். "புத்தி கொஞ்சம் மட்டுங்க ஐயா. காய்ச்சலோடவே ஓடி வந்துட்டான்."

இன்ஸ்பெக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "ஜில்லுனு இருக்குதே. சரி, நம்ம ஜில்லாவைப் பத்திச் சொல்லு பாப்போம்."

நின்றேன். தென்னார்க்காடு ஜில்லா என்று தொடங்கினேன். அவருடைய தலைப்பாகையில் ஒரு நூல் பிரிந்து காற்றில் ஆடியது. மனம் அதைப் பிடித்துக்கொண்டு போயிற்று. மறுபடி தொடங்கினேன், மறுபடி நூல். ஆசிரியர் சிரித்தார். ஏளனத்தால் அன்று, நிம்மதியால். அந்தச் சிரிப்புத்தான் இந்த வழக்கின் முதல் தடயம்.

"இதாங்க ஐயா சங்கதி. அடுத்த வாரம் பேரை அடிச்சிடலாம்னு இருக்கேன்."

செக்கடியில் கேட்ட அதே சொல். என் படிப்பு அவருடைய பேனா முனையில் தொங்குவதை அப்போதுதான் முழுவதுமாக உணர்ந்தேன்.

"ஐயா, நடந்துகிட்டே சொல்லட்டுங்களா?"

"இன்னாடா, குரங்காட்டமா?" என்றார் ஆசிரியர்.

"நடக்கட்டுமே. நடந்தா பள்ளிக்கூடம் தேஞ்சா போயிடும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பெஞ்சுகளைச் சுற்றி நடந்தேன். கடலூரும் சிதம்பரமும் முதல் சுவரோரம் வந்தன. விருத்தாசலம் கரும்பலகை அருகே, கள்ளக்குறிச்சி ஜன்னலோரம். பெண்ணையும் கெடிலமும் வெள்ளாறும் பிறக்கும் இடத்திலிருந்து கடல்வரை தடையின்றி ஓடின. விளையும் பொருள்கள், செல்லும் சாலைகள், செஞ்சித் தாலுகா என்று முடித்தபோது புறப்பட்ட பெஞ்சுக்கே வந்திருந்தேன்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். என் கால் நிற்கவில்லை. நான் அதை நிறுத்தவுமில்லை. பதினொரு வயதுச் சிறுவன் எதிரியின் முகத்தைப் பார்த்து, எண்ணித் துணிந்து, அடுத்த சுற்றைத் தொடங்கினான். ஆசிரியரின் குரலிலேயே தொடங்கினான்.

"நீ, நீ, கடைசி பெஞ்சுல அந்த ரெண்டு பேரு, அப்புறம் நம்ம செக்குமாடு. நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல். எவனாவது மூஞ்சியக் காட்டினீங்க, தோல உரிச்சிடுவேன். மத்தவங்க கேட்டுக்குங்க. ஆத்துப் பேரு கேட்டா முதல் பெஞ்சு எழுந்திருங்க. வாய்ப்பாடு கேட்டா ரெண்டாம் பெஞ்சு. தெரியாதவன் கீழ குனிஞ்சு பலகையத் தேடுற மாதிரி பாசாங்கு பண்ணு."

ஒரு சொல்லும் தவறவில்லை. என் காதுக்குள் எல்லாரும் நுழைவார்கள் என்று சொன்னேனே. அவரும் அப்படித்தான் நுழைந்திருந்தார். அதுவே என் முதல் மேடைப் பேச்சு. அதன் பிறகு பரிசுக் கோப்பைகள் பல வாங்கியிருக்கிறேன்; அவ்வளவு நன்றாக ஒருநாளும் பேசியதில்லை.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பதிவேட்டில் காய்ச்சல் என்றிருந்த ஐந்து இடங்களையும் சிவப்பு மையால் சுழித்தார். "இந்தப் பையன் பேரை அடிக்கிறதா இருந்தா, காரணத்தை எனக்கு எழுதிட்டு அடிங்க" என்று சொல்லிப் புறப்பட்டார். என் பெயர் அடிபடவில்லை.

நான் அடிபட்டேன். எல்லாரும் போன பிறகு ஆசிரியர் என்னை நிறுத்திவைத்தார். பிரம்பு முறியும்வரை அடித்தார். முறிந்த துண்டாலும் அடித்தார். வலி பெரிதாக நினைவில்லை. மூச்சு வாங்கியபடி அவர் கேட்ட கேள்வி மட்டும் இருக்கிறது.

"இனிமே எவங்கிட்டயாவது வாயத் தொறப்பியா?"

கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தேன். நடந்தால்தானே எனக்குப் பேச்சு வரும்.

"தொறப்பேன் சார். பெரியவனாகி, ஏறுற மேடையில எல்லாம் இதைச் சொல்லுவேன். உங்க பேரை மட்டும் சொல்ல மாட்டேன். பேரைச் சொன்னா கேட்டுட்டு மறந்துடுவாங்க. சொல்லாம விட்டா, யாரு அந்த வாத்தியாருன்னு நீங்க சாவுற வரைக்கும் ஊரே தேடிக்கிட்டு இருக்கும்."