கொசுறு என்றால் என்னவென்று கோர்ட்டுக்குச் சொன்ன கதை

எங்கள் வீட்டில் பேரம் பேசுவது என் இலாகா. கார் வாங்கப் போனாலும் கணவர் என்னைக் கூட்டிக்கொண்டுதான் போவார். இங்கே நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் நாங்கள் போகும் இந்தியக் கடையில், லேபிளில் போட்டிருக்கும் விலைக்கே அரிசி மூட்டை வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அதை அவர்களிடமே சொல்லியும் இருக்கிறேன்.

அப்படிப்பட்ட என்னைத்தான் ஒரு வழக்கில் எல்லோருக்கும் பிரதிநிதியாக நிறுத்தினார்கள். பொன்னி அரிசி இறக்குமதி செய்யும் சில கம்பெனிகள் தங்களுக்குள் ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டு விலையை ஏற்றிவிட்டன என்பது குற்றச்சாட்டு. ஓர் அரிசி மூட்டைக்காக யாரும் தனியாகக் கோர்ட்டுக்குப் போகமாட்டார்கள். கிடைப்பது பார்க்கிங் செலவுக்குக் கூடக் காணாது. அதனால் அரிசி வாங்கிய அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே வழக்கு. கிளாஸ் ஆக்‌ஷன் என்பார்கள்.

ஆனால் கும்பலாக வந்து நின்றால் மட்டும் போதாது. எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் அடி விழுந்தது, அதைப் பொதுவான ஒரே ஆதாரத்தை வைத்துக் காட்ட முடியும் என்று நீதிபதி முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆளுக்கொரு விலை என்றால் ஆளுக்கொரு வழக்காகிவிடும், கதை கந்தல். முன்னால் நிற்கிறவரின் கதையும் மற்றவர்கள் கதையைப் போலவே இருக்க வேண்டும். இதையெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தவள் எங்கள் வக்கீல், நியூ ஜெர்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். “ஆன்ட்டி, ஜஸ்ட் ட்ரூத் சொல்லுங்க, தட்ஸ் ஆல்” என்றாள். நானும் பெரிதாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

கோர்ட்டில் இல்லை, பார்சிப்பனியில் ஓர் ஆபீஸின் கண்ணாடி அறையில் என் வாக்குமூலம்; அங்கே சொல்வதை டைப் அடித்து நீதிபதிக்கு அனுப்புவார்களாம். என்னை டிரைவ் பண்ணிக் கூட்டி வந்த கணவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் வெள்ளைக்காரர்; தேன் ஒழுகப் பேசினார். நான் சத்தியம் செய்து முடித்ததும், இட்லிக்கு எந்த அரிசி, சாதத்துக்கு எந்த அரிசி என்று பக்கத்து வீட்டு மாமி மாதிரி விசாரித்தார். எனக்கு அவரைப் பிடித்தே போய்விட்டது. போகிற போக்கில், “லேபிளில் இருக்கும் விலையைத்தான் நீங்கள் கொடுப்பீர்களா?” என்றார்.

வேறு யாராக இருந்தாலும் ஆமாம் என்று சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்திருப்பார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “நானா? பேரம் பேசாமல் நான் எதையுமே வாங்கியதில்லை. கடைக்கார அங்கிள் என்னை ஸ்பெஷலாகக் கவனிப்பார்” என்று என் ஆங்கிலத்தில் முழங்கினேன்.

“அப்படியானால் உங்கள் கதை வேறு, மற்றவர்கள் கதை வேறு?”

“பின்னே?”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் எங்கள் வக்கீல் பேனாவைக் கீழே வைத்தாள்.

இடைவேளையில் சாட்சியத்தைப் பற்றி அவள் என்னிடம் பேசக் கூடாதாம், விதி. அதனால் “ஆன்ட்டி, காபி?” என்று மட்டும் கேட்டாள். கேட்ட விதமே சரியில்லை. ஜம்பம் அடித்து, ஊரில் இருக்கிற அத்தனை பேருடைய வழக்குக்கும் நானே வேட்டு வைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

திரும்பி வந்ததும் அவள் என்னைக் கேள்வி கேட்கும் முறை.

“பேரம் பேசினால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?”

“கொசுறு” என்றேன். அதற்கு ஆங்கிலம் என் வாயில் வரவில்லை. டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மாள் ஸ்பெல்லிங் கேட்டாள்.

“அப்படியென்றால்?”

“ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. சில நாள் கொத்தமல்லி.”

“அரிசி விலையில் குறைப்பார்களா?”

மாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் வீட்டில் என் மானம் கப்பலேறிவிடும். கணவர் வேறு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் சத்தியம் செய்தாகிவிட்டதே.

“இல்லை. பில்லில் லேபிள் விலைதான் விழும். கொசுறு அதற்கு மேலே சும்மா போடுவது. விலையைக் குறையுங்கள் என்று நான் கேட்பேன், அங்கிள் சிரிப்பார், கறிவேப்பிலையைப் பையில் போடுவார். ஒரு தடவைகூடக் குறைத்ததில்லை.”

“உங்களுக்கு மட்டும்தான் போடுவாரா?”

“கேட்கிற எல்லோருக்கும் போடுவார்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

திரும்பி வரும்போது கணவர் காரில் ஆரம்பித்தார். “அப்போ இத்தனை வருஷமா நீ...”

“ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”

தீர்ப்பு வர மாதக்கணக்கானது. அதுவரை கடைப்பக்கம் போகவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு நாள் வக்கீல் போனில் கத்தினாள்: “ஆன்ட்டி, வி காட் சர்ட்டிஃபைட்!” எல்லோரும் ஒரே வழக்காகப் போகலாம், நானே பிரதிநிதி என்று நீதிபதி சொல்லிவிட்டார். இலவசமாகக் கிடைத்த ஏதோ இலைகளால் விலை மாறிவிடவில்லை என்று எழுதியிருந்தார். அதற்கு அடுத்த வரி: இந்தப் பெண்மணி மற்ற எல்லோரையும் போன்றவரே.

அவள் என் போனுக்கு அனுப்பிய அந்த வரியைக் கணவர் உரக்கப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து என் பெயரைத் திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள், ஏர்போர்ட்டில் தனியாக நிற்க வைத்திருக்கிறார்கள், உண்மையில் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள். மற்ற எல்லோரையும் போன்றவர் என்று இங்கே யாரும் என்னைச் சொன்னதில்லை. போனை அவரிடமிருந்து வாங்கி அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். எழுத்து கலங்கித் தெரிந்தது.