யேசுபாயும் தானாகச் சாத்திக்கொண்ட கதவும்

கொண்டிபா என் சித்தப்பா மகன். அவன் பெண்டாட்டி யேசுபாய். வேறு வழியில் சுற்றிப் பார்த்தால் அவள் எனக்கு அத்தை முறைகூட ஆவாள். ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை அண்ணி என்றே கூப்பிட்டாள், நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் ஊரில் எந்த வீட்டுக்கும் கதவு கிடையாது. சனிதேவர் காவல் இருக்கும்போது கதவு எதற்கு? நாய் நுழையாமல் இருக்க ஒரு பலகையைச் சாய்த்து வைப்போம், மறைப்புக்கு ஒரு துணி தொங்கும். கீல், பூட்டு, தாழ்ப்பாள் எது வைத்தாலும் சாமிக்கு ஆகாது.

யேசுபாயின் வீடு கோயிலுக்குப் போகும் பாதையில் முதல் வீடு. அதுவும் ஒரே அறை. சனிக்கிழமையானால் வெளியூர்க்காரர்கள் ஜீப்பில் வந்து இறங்கி, கதவில்லாத வீட்டைப் பார்க்க அவள் வீட்டுக்குள்தான் தலையை நீட்டுவார்கள். நாற்பது வருஷம் அவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். ஒரே கேள்விக்கு ஒரே பதில் சொன்னாள்.

பிறகு கொண்டிபாவுக்கு வாதம் அடித்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. குளிப்பாட்டுவது, கழுவுவது, புரட்டிப் போடுவது எல்லாம் யேசுபாய் ஒருத்திதான். ஒரு சனிக்கிழமை அவள் அவன் வேட்டியை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு குடும்பம் துணியை விலக்கிக்கொண்டு போனும் கையுமாக நின்றது. நான் மோர் கொடுக்கப் போனவள், பின்னாலேயே நின்றேன்.

"ஐயா, கொஞ்சம் வெளியில நில்லுங்க. ஆள் படுத்திருக்காரு."

"பரவாயில்லம்மா, ஒரே ஒரு போட்டோ. நெசமாவே இங்க திருட்டு போகாதா?"

"எடுக்க என்ன இருக்கு? வேணும்னா இவரைத் தூக்கிட்டுப் போங்க. நானும் ஒரு நாள் தூங்குவேன்."

அவர்கள் சிரித்தார்கள். கொண்டிபா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அன்றோடு சாப்பாட்டையும் நிறுத்திவிட்டான். தின்றால்தானே கழுவ வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். நான்கு நாள் வெறும் தண்ணீர். ஐந்தாம் நாள் யேசுபாய் என்னிடம் வந்தாள்.

"அண்ணி, ஒரு கதவு போட்டா சாமி என்னதான் பண்ணிடும்?"

"சாமியை விடு. கதவு போட்ட வீட்டுக்கு ஊருல ஒருத்தர் வரமாட்டாங்க."

"யாரும் வரக்கூடாதுன்னுதானே கேக்குறேன்."

கேட்டாளே தவிர கதவு போட அவளுக்குத் தைரியம் இல்லை. கடைசியில் அவனை வண்டியில் போட்டுக்கொண்டு புனேவில் இருக்கும் மகள் சுமன் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி. சுமனும் மருமகனும் காலை ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விடுவார்கள். கதவு சாத்தியிருக்கும். முதல் நாளே கொண்டிபா அரை பாக்ரி ரொட்டி தின்றான்.

மூன்றாம் நாள் அவன் வேட்டியைத் துவைத்து வெளி நடையில் கம்பியில் காயப்போடப் போனாள். காற்று அடித்தது. கதவு டக்கென்று சாத்திக்கொண்டது. பலகை விழுந்தால் எடுத்து நிறுத்துகிற பழக்கம்தான் அவளுக்கு. தள்ளினாள், பிடித்து இழுத்தாள். அசையவில்லை.

"ஏங்க, கதவு தொறக்க மாட்டேங்குது."

உள்ளே சத்தம் இல்லை. எதிர் வீட்டு விமல்பாய் எட்டிப் பார்த்தாள்.

"சாவி எங்கம்மா?"

"உள்ளதான் மாட்டியிருக்கு. துணி காயப்போடச் சாவி எதுக்கு?"

"இது தானா பூட்டிக்கிற கதவும்மா. குப்பை கொட்டப் போனாலும் சாவி கையில இருக்கணும். எந்த ஊரு நீங்க?"

சொன்னாள்.

"அட, அந்தக் கதவில்லாத ஊரா? அங்க திருட்டே போகாதாமே?"

யேசுபாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விமல்பாய் சுமனுக்குப் போன் போட்டாள். வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றாள் சுமன். அதுவரை யேசுபாய் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உள்ளே இருக்கிறவனிடம் பேசினாள். தண்ணீர் இடது பக்கம் இருக்கிறது என்றாள். பயப்படாதீங்க என்றாள். திட்டினாள். பதிலே இல்லை. ஒரு மணி நேரம் கழிந்தபோது அவன் போய்விட்டான் என்று முடிவு செய்துகொண்டாள். அழக்கூடத் தெம்பில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

சுமன் ஓடிவந்து திறந்தாள். கொண்டிபா வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். யேசுபாய் உலுக்கினாள்.

"ஏன் எழுப்புறே?" என்றான் குழறலாக. "யாருமே வரல."

"நானும்தான் வரல."

"ஆமா. நல்லா இருந்துச்சு."

அவன் உயிரோடிருந்தால் மறுநாளே ஊருக்குத் தூக்கிப் போய்விடுவதாகக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து சனிதேவரிடம் வேண்டிக்கொண்டிருந்தாளாம். அதை விட்டுவிட்டாள். சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள். அப்படியும் நம்பிக்கை வரவில்லை. வெளியே கால் வைக்கும்போதெல்லாம் அம்மிக்குழவியைக் கதவிடுக்கில் வைத்துவிட்டுத்தான் போவாள். தரை கீறுகிறது என்று சுமன் கத்துவாள்.

கொண்டிபா பதினோரு மாதம் இருந்தான். மூன்று வேளையும் தின்றான். பத்தாம் நாள் காரியத்துக்கு நாங்கள் போயிருந்தோம். அவள் பாதியாய்ப் போயிருந்தாள்.

"எங்ககூடவே கிளம்பு யேசு," என்றேன்.

"வர்றேன் அண்ணி. அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் இந்தக் கதவைச் சாத்திட்டுத் தூங்கிக்கிறேன்."

நாங்கள் நடைக்கு வந்தோம். அவள் கதவிடுக்கிலிருந்த குழவியை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.