காப்புக் கட்டிய வீட்டில் நண்டு ஓட்டு மாத்திரை

எங்கள் திராட்சைத் தோட்டத்தில் கிளி விரட்டுவது சீசரின் வேலை. பந்தலுக்கு அடியில் படுத்திருப்பான். கிளிகள் இறங்கினால் பாய்ந்து எழுந்து குரைத்துக்கொண்டே ஓடுவான். ஒரு மார்கழிக் காலையில் கிளிகள் இறங்கியபோது படுத்தபடியே குரைத்தான். பிறகு முன்னங்கால்களை ஊன்றினான். பின்பகுதி எழவில்லை. சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டு ஒருவழியாக எழுந்து, பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்து முயலைப் போலத் தத்திப் போனான்.

அப்போது என் அம்மா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வயிற்றில் புற்று. சின்னமனூருக்கும் மதுரைக்குமாக இரண்டு வருடம் அலைந்திருந்தேன். இழவு வீட்டில் நான் அழவில்லை. தைரியசாலி என்றார்கள். தைரியமெல்லாம் ஒன்றுமில்லை, மரத்துப்போயிருந்தேன். சீசர் தத்துவதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, மறுபடியும் ஆஸ்பத்திரியா என்பதுதான்.

என் வீட்டுக்காரர் அப்படியில்லை. ராஜபாளையத்துப் பக்கமிருந்து குட்டியாகச் சட்டைக்குள் வைத்து அவனைக் கொண்டுவந்தவர் அவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

வயதான நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நல்லெண்ணெய் தேய்க்கச் சொன்னார் ஒருவர். மாட்டுக்குப் போடும் தாது உப்பில் ஒரு கரண்டி சோற்றில் கலந்து போட்டால் எலும்பு இரும்பாகும் என்றார் இன்னொருவர். இவர் அதையும் போட்டார். சீசருக்கு வயிறு போனது.

கடைசியில் தேனியில் நாய்களை நன்றாகப் பார்க்கும் ஒரு பெண் டாக்டரைப் பற்றிக் கேள்விப்பட்டு, சரக்கு ஆட்டோவில் சாக்கு விரித்து ஏற்றிப் போனோம். அவர் சீசரின் பின்னங்கால்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கினார். ஓர் இடத்தில் சீசர் திரும்பி அவர் கையை வாயால் பிடித்தான். கடிக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தோம். இடுப்பில் ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸ் (மூட்டுத் தேய்மானம், எலும்பும் எலும்பும் உரசாமல் நடுவில் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துபோவது) என்றார்.

"சரியாயிருமா?" என்று இவர் கேட்டார்.

"தேஞ்சது திரும்பி வளராது. வலியைக் குறைக்கலாம். நடக்க வைக்கலாம். முதல்ல எடையைக் குறைங்க. வீட்டுல என்ன குடுக்குறீங்க?"

"நாங்க திங்கிறதுதான் அதுக்கும்."

"அதைப் பாதியாக்குங்க," என்றார்.

ஐந்து நாளைக்கு வலி மாத்திரை கொடுத்தார். அதன் பிறகு நீண்ட நாள் கொடுக்க வேண்டியது மூட்டுக்கான துணை மருந்து என்று சொல்லி, மேசையில் இரண்டு டப்பாக்களை வைத்தார். ஒன்றில் குளுக்கோசமைன் (குருத்தெலும்புக்குள் இயல்பாகவே இருக்கும் ஒரு சத்து) மட்டும். இன்னொன்றில் அதோடு கான்ட்ராய்ட்டின் (குருத்தெலும்பில் ஈரப்பசையைத் தக்கவைப்பது) சேர்ந்தது. இவர் எதையும் விசாரிக்காமல் வாங்க மாட்டார். உர மூட்டையின் பின்பக்கத்தைக்கூடப் படிப்பவர்.

"இதெல்லாம் எதுல இருந்து எடுக்குறாக?"

"குளுக்கோசமைன் நண்டு, இறால் ஓட்டுல இருந்து. கான்ட்ராய்ட்டின் பெரும்பாலும் மாட்டுக் குருத்தெலும்பு."

இவர் இரண்டாவது டப்பாவை டாக்டர் பக்கம் நகர்த்தினார். "மாட்டைக் கட்டி வச்சுப் பால் கறக்குறோம். அது வேணாம்மா." டாக்டர் சிரிக்கவில்லை. நண்டு ஓட்டு மாத்திரையோடு மீன் எண்ணெய் (வீக்கத்தைத் தணிப்பது) சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். நாயின் எடைக்கு எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், ஒன்றரை மாதமாவது போகாமல் நல்லது கெட்டது சொல்லக் கூடாது, இந்த மருந்து எல்லா நாய்க்கும் கேட்கும் என்று யாரும் உறுதி தர முடியாது என்பதையும் சொன்னார். பாதி நம்பிக்கையை மட்டும் கொடுத்த டாக்டர் என்பதால் எனக்கு அவரைப் பிடித்தது. அம்மாவுக்கு முழு நம்பிக்கை கொடுத்தவர்களைப் பார்த்திருந்தேன்.

தை முழுக்கக் கொடுத்தோம். மாசியிலும் ஒன்றும் தெரியவில்லை. இவர் பொறுக்க மாட்டாமல், சீசர் நன்றாக நடந்தால் சித்திரையில் அக்கினிச்சட்டி எடுப்பதாக வீரபாண்டிக் கோயில் ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டார். பக்கத்துத் தோட்டத்து ராசாத்தி அக்கா வாய்க்காலில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டாள்: "உங்க வீட்டுக்காரக நாய்க்குச் சட்டி எடுக்குறாகளாம்ல? அடுத்து நாய்க்கு மொட்டை போடுவீகளா?" நானும் சிரித்து வைத்தேன்.

பங்குனியில் சீசர் எழுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் குறைந்தது. தத்துவதை விட்டு, கால் மாற்றி நடந்தான். எடையும் இறங்கியிருந்தது. மருந்தா, பாதிச் சோறா, ஆத்தாளா என்று எங்களுக்குள் பேச்சு ஓடியது. நான் சோறு என்றேன்.

சித்திரையில் கோயிலில் கம்பம் நட்டதும் இவர் காப்புக் கட்டினார். திருவிழா முடியும் வரை வீட்டுக்குள் கவுச்சி கிடையாது. கருவாட்டுப் பானையைக்கூட ராசாத்தி அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். அன்று மாலை மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்தேன்.

"இங்கேரு," என்றார் இவர். "அது நண்டு ஓடுல்ல?"

"ஆமா."

"மத்தது மீன் எண்ணெ."

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

கையில் மஞ்சள் கயிற்றோடு நின்று யோசித்தார். இரண்டு டப்பாவும் கருவாட்டுப் பானையைத் தேடிப் போயின. எந்த நாய்க்காக நேர்ந்தாரோ அந்த நாயின் மருந்து, அந்த நேர்த்திக்கடனாலேயே நின்றது. வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. எதற்கும் வாதாடும் நிலையில் நான் இல்லை. மருந்துக்குப் பதிலாக, எலும்புக்கு நல்லது என்று பிரண்டைத் துவையல் அரைத்துச் சோற்றில் பிசைந்து வைத்தார். சீசர் மோந்து பார்த்துவிட்டுச் சட்டியைச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் படுத்தான்.

இரண்டு வாரம் தாண்டியிருக்கும். ஒரு காலையில் சீசர் எழவில்லை. படுத்த இடத்திலேயே ஒன்றுக்குப் போயிருந்தான். எங்களைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். படுக்கையிலேயே ஆகிவிட்ட நாளில் அம்மாவும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஈரத் துணியால் சீசரைத் துடைத்தேன். என் கைகள் தன்பாட்டில் வேலை செய்தன. எந்த இடத்தை முதலில் துடைக்க வேண்டும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

ராசாத்தி அக்கா தன் முழங்கால் வலி மாத்திரையைக் கொண்டுவந்தாள். "பாதி குடுங்க. எனக்குச் சட்டுன்னு கேக்கும்." இவர் கை நீட்டிவிட்டார். நான் தேனிக்குப் போன் போட்டேன்.

"கூடவே கூடாது," என்றார் டாக்டர். "மனுஷங்க வலி மாத்திரை நாய்க்கு வயித்துல ரத்தக்கசிவு உண்டாக்கும், கிட்னி போயிரும். கூட்டிட்டு வாங்க, ஊசி போடுறேன். துணை மருந்து குடுத்துட்டு வர்றீங்கல்ல?"

காப்புக் கட்டியிருப்பதால் நிறுத்திவிட்டோம் என்றேன்.

"சாமி விஷயத்துல நான் எதுவும் சொல்லலம்மா. நிறுத்துனதாலதான் இப்படி ஆச்சுன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது. நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

வாசலில் இவர் சீசரின் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"யாருக்கு நேந்தீக?" என்று கேட்டேன்.

"இவனுக்குத்தான்."

"இவன் கெடக்கான்."

கோபமாகக் கேட்கவில்லை. பால் பொங்குகிறது என்று சொல்வதுபோலச் சொன்னேன். இவர் எழுந்து ராசாத்தி அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு டப்பாக்களையும் கொண்டுவந்தார். உதவிக்குப் போன என்னைத் தடுத்தார்.

"நீ தொடாத. ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

காப்புக் கட்டிய கையாலேயே சீசரின் வாயைத் திறந்து, அடி நாக்கில் மாத்திரையை வைத்து, வாயை மூடித் தொண்டையைத் தடவினார். சீசர் விழுங்கினான். இவர் தன் கையை வேட்டியில் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் ஆட்டோவைக் கூப்பிட்டோம்.

திருவிழாவில் சட்டியும் எடுத்தார். அவர் பின்னால் வேப்பிலையோடு நடந்த எனக்கு, வழியெல்லாம் அவருடைய முதுகு பயந்துகொண்டு போவது தெரிந்தது. திரும்பி வந்ததும் ராசாத்தி அக்கா, "ஆத்தா ஒண்ணும் சொல்லலையா?" என்றாள். "கை சுடல," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஊசி அந்த வாரத்தைத் தாண்ட வைத்தது. துணை மருந்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். உங்களிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: ஒரே நேரத்தில் நாலைந்தைக் கொடுக்காதீர்கள், எது கேட்டது என்று தெரியாமல் போகும். உங்கள் வீட்டுப் பழக்கத்துக்கு ஆகாதது எதுவோ அதை வாங்கும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நடுவில் நிறுத்துவதைவிட அது மேல்.

இப்போது காலையில் அவன் எழும்வரை பக்கத்தில் நிற்கிறேன். முன்னங்கால், பிறகு ஒரு நிறுத்தம், பிறகு இடுப்பு. நானும் குனிந்தால் இடுப்பில் கை வைத்துத்தான் நிமிர்கிறேன். வாரங்கள் எனக்கு மறந்துபோகின்றன. அவன் நன்றாக நடந்த நாள், நடக்காத நாள் என்றுதான் நாட்கள் நினைவில் நிற்கின்றன.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள் நெத்திலிக் கருவாட்டைக் கயிற்றுக் கட்டிலில் காயப்போட்டிருந்தேன். அடுப்படியிலிருந்து வெளியே வந்தால், சீசர் முன்னங்கால் இரண்டையும் கட்டில்மேல் தூக்கி வைத்து, பின்னங்கால்களில் நின்று, வாய் நிறைய அள்ளிக்கொண்டிருந்தான்.

"ஏலே! எறங்குலே! நாசமாப் போறவனே, எல்லாத்தையும் தின்னுட்டியா!"

தோட்டத்திலிருந்து இவர் ஓடிவந்தார். அம்மா போனதிலிருந்து நான் யாரையும் சத்தம் போட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"என்னா? என்னாச்சு?"

"பின்னங்கால்ல நின்னான்," என்றேன். அதற்குமேல் சொல்ல முடியாமல் அழுகை வந்துவிட்டது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"நெத்திலிக்கா இப்படி அழுகுற?" என்றார் இவர்.

அம்மாவுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. சீசர் முள்ளோடு மென்றுகொண்டிருந்தான்.