இடது முன்சக்கரத்து மாவு உருண்டை

என் அத்தைக்கு எண்பது வயது ஆகப்போகிறது. மழைக்காலத்தில் வலது மணிக்கட்டு இன்றும் வலிக்கிறது என்கிறார். அந்த வலிக்கு நான்தான் காரணம். ஐம்பது வருடங்களுக்கு மேலாக யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அவருக்குப் படித்துக் காட்டுவேன்.

அப்போது ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். சித்தப்பா வெள்ளைக்காரர் காலத்துக் கார் ஒன்றை வாங்கி, வேனிலிருந்து கழற்றிய எஞ்சினை அதில் வைத்திருந்தார். எஞ்சின் ஓடியது. ஆனால் அந்தக் காரின் அளவுக்கு டயர் எங்கும் கிடைக்கவில்லை. மண்ணூர்பேட்டைப் பழைய இரும்புக் கடையில் அகலமான ஜீப் சக்கரங்கள் நான்கைப் பிடித்தார். பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு.

திங்கட்கிழமை பூந்தமல்லியில் அத்தைக்குத் தட்டச்சுத் தேர்வு. தேறினால் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை உறுதி.

"பஸ்ல தொங்கிட்டுப் போனா கை நடுங்கும். கார்ல நானே கொண்டுபோய் விடறேன்" என்றார் சித்தப்பா.

"மொதல்ல அது நகரட்டும்ணா" என்றார் அத்தை.

கூடவே நானும் போவேன் என்று குவார்ட்டர்ஸ் பையன்கள் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

சித்தப்பா மூன்று மாலைகள் அளந்தார். போல்ட் துளைகள் ஐந்தும் ஒத்துப்போயின. சக்கரத்தின் குறுக்கே மரச்சட்டம் வைத்து, பழையதைவிட இது முக்கால் அங்குலம் உள்ளே தள்ளி நிற்கும் என்று கண்டார். மிச்சமிருந்தது ஒரே கேள்வி. ஆட்கள் ஏறி வண்டி அமுங்கி, ஸ்டியரிங்கையும் முழுக்கத் திருப்பினால், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இடம் இருக்குமா? அதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் அம்மாவிடம் சப்பாத்தி மாவு வாங்கி, மட்கார்டுகளின் உட்புறம் சக்கரத்துக்கு இரண்டு உருண்டைகள் வீதம் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். ஓட்டி வந்தபின் ஒவ்வொன்றிலும் ஒரு விரல் கனமாவது மிஞ்சியிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் சக்கரங்கள் கடைக்குத் திரும்பிவிடும்.

எதிர்வீட்டுக்காரர் வந்து குனிந்து பார்த்தார். நல்ல கனமான மனிதர்.

"இன்னா நைனா, வண்டிக்குச் சப்பாத்தி ஊட்டிகினு கீற?"

"ஏறி ஒக்காரு அண்ணாத்தே. உன் வெயிட்டு வேணும்."

"வெயிட்டுக்குத்தான் கூப்ட்டியா? நான் மரியாதைன்னு நெனைச்சுக்கினேன்."

அவரும் அப்பாவும் அம்மாவும் அத்தையும் ஏறிக்கொண்டார்கள். சித்தப்பா ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி மைதானத்தைச் சுற்றி வந்து நிறுத்தினார். எல்லோரும் இறங்கினார்கள். அவர் கனம் அளக்கும் காலிபரை எடுக்க உள்ளே போனார்.

நான் இடது முன்சக்கரத்தின் அருகே படுத்து எட்டிப் பார்த்தேன். அங்கே ஓர் உருண்டை அப்பளமாக நசுங்கியிருந்தது. மாவின் மேல் டயரின் கோடுகள். மிச்ச மாவு கிண்ணத்தில் இருந்தது. நசுங்கியதைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாக ஒன்றை உருட்டி, அவர் செய்தது போலவே கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன். கை நடுங்கவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சித்தப்பா எட்டையும் பெயர்த்து, அளந்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். எதையும் எறிய மாட்டார். "பாஸ்" என்றார்.

திங்கட்கிழமை காலை அத்தை முன்னால் உட்கார்ந்திருந்தார். அப்பா, அம்மா, எதிர்வீட்டுக்காரர் மூவரும் பின்னால். அம்மா மடியில் நான். பூந்தமல்லிக்கு முன்னால் ஒரு வளைவில் எருமை குறுக்கே வந்தது. சித்தப்பா ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தார். டயர் மட்கார்டின் விளிம்பில் சிக்கிக்கொண்டது. ஸ்டியரிங் திரும்பி வரவில்லை. டயர் வெடித்து வண்டி வாய்க்காலில் இறங்கியது. எனக்கு நாக்கில் பல் பட்டது. அத்தை கையை முன்னால் ஊன்றினார். எலும்பு முறிந்தது.

தேர்வு போயிற்று. அடுத்த முறை எழுதியபோது விரல்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அந்த வேலை வேறொருவருக்குப் போனது.

அன்று மாலை சித்தப்பா ஜன்னல் ஓரம் அந்த டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உருண்டைகள் காய்ந்து கல்லாகியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டும்போது அழுத்திய குழியில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். ஏழில் சரியாக உட்கார்ந்தது. எட்டாவதில் விரல் இறங்கவில்லை. மறுபடி வைத்தார். இறங்கவில்லை. வாசற்படியில் நின்றிருந்த என்னைப் பார்த்தார். என் முகத்தை அல்ல, கையை. பிறகு அந்த உருண்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அப்பா வந்து, "என்னடா ஆச்சு உன் அளவு?" என்று கேட்டார்.

"தப்பா அளந்துட்டேண்ணா" என்றார் சித்தப்பா.

சாகும்வரை அதையே சொன்னார். அதன்பின் எந்த வண்டியையும் அவர் தொடவில்லை. அன்றைக்கு எனக்கு ஒன்றுதான் தோன்றியது. வண்டியே போய்விட்டது, இந்த மனிதர் இன்னும் எதை அளந்துகொண்டிருக்கிறார்? நல்லவேளை, நாம் மாட்டிக்கொள்ளவில்லை. அப்படி நினைத்துக்கொண்டு விளையாடப் போனேன்.