கரம்பை மூடிய மருந்து

கம்பத்துக்குத் தெற்கே எங்களுக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அந்த வருடம் பழம் பழுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு, அத்தனையும் பந்தலிலேயே அழுகிப்போனது. வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அதெல்லாம் பெரிய கவலையில்லை. எனக்கென்று ஒரு சாம்பல் நிறப் பெட்டைக்கோழி இருந்தது. அது அடைக்கு உட்காருமா, ஏமாற்றிவிடுமா என்பதே என் கவலை.

ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுத் தோட்டத்துக்குப் போனால், கிணற்றுப் பக்கம் அம்மா மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தாள். பூச்சிமருந்து டப்பா கவிழ்ந்து, ஈர மண்ணில் வெள்ளையாகப் பரவியிருந்தது. நாற்றத்துக்கு நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் எங்கள் வீட்டுப் பித்தளை டம்ளரும் உருண்டு கிடந்தது. அப்பா தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஒங்கப்பா கை தவறிக் கொட்டிட்டாக. நீ கிட்ட வராத ஆத்தா, கூடையை மட்டும் எடுத்துக் குடு. மருந்து கெணத்துல எறங்கிறப்படாது” என்றாள்.

கொடிகளுக்குப் போட, கண்மாயில் வெட்டிய கரம்பைக் களிமண்ணும் மக்கிய மாட்டுச் சாணமும் அங்கே குவித்திருந்தோம். இரண்டையும் அள்ளி அள்ளி அதன்மேல் கொட்டி மூடி, சுற்றிலும் முள்ளை வெட்டிப் போட்டாள். அப்புறம் தினமும் கிணற்றை எட்டிப் பார்ப்பாள். ஒரு கெண்டைக்குஞ்சுகூடச் செத்து மிதக்கவில்லை.

மக்கிய எரு களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு, இந்த மாதிரி மருந்தைத் தண்ணீரோடு போகவிடாமல் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்று பின்னால் படித்தேன். அம்மா எதையும் படித்துச் செய்யவில்லை. பதறிப்போய், கைக்குக் கிடைத்ததைப் போட்டு மூடினாள்.

அன்றிலிருந்து அப்பா தோட்டத்துக்குக் கிளம்பினாலே, “நீயும் கூடப் போ, ஒங்கப்பாவ விட்டு அங்கிட்டு இங்கிட்டுப் போகாத” என்று என்னை விரட்டுவாள். கோழியையும் தூக்கிக்கொண்டு நான் சந்தோஷமாகப் போவேன்.

அடுத்த மழைக்குள் அந்த முள்ளை யாரோ அடுப்புக்கு எடுத்துப் போய்விட்டார்கள். மண் மருந்தைப் பிடித்து வைத்திருந்ததே தவிர, தின்றுவிடவில்லை. என் கோழி அங்கே கிளறி, மண்புழுவாகப் பொறுக்கித் தின்றது. கொஞ்ச நேரத்தில் கழுத்து திருகி, இறக்கையை அடித்துக்கொண்டு என் மடியிலேயே செத்தது.

அப்பா குழி வெட்டினார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “இந்த மண்ணு எதுக்கு அத விடாம வச்சிருந்துச்சு? கெணத்துக்கே போயிருக்கலாம்ல?” என்று கத்தினேன்.

அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு, என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். கஞ்சி கொண்டுவந்த அம்மா தூரத்திலேயே நின்றுவிட்டாள். ஒரு கோழிக்காக இப்படி அழுகிற அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று அந்தத் துக்கத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

கொடிக்கு அடிக்கிற மருந்துக்குப் பக்கத்தில் டம்ளர் எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.