627-க்கு ஒரு பச்சைப் புள்ளி

பாக்கெட்டைத் திருப்பி, பூதக்கண்ணாடியை மூக்கு நுனிவரை இழுத்து, சுலைகா கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கிறார். ஒளிய வேண்டியதெல்லாம் சேர்மானப் பட்டியலின் அடியில்தான் ஒளியும் என்பது அவர் கண்ட பாடம். "இந்தா இருக்காரு" என்று நகத்தால் ஓர் எண்ணைத் தட்டுகிறார். 627.

பிரிக்பீல்ட்ஸில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில் அவருடைய மளிகைக் கடை. அதற்கு முன் மேரு என்ற ஊரில் ஒரு நொறுக்குத்தீனி ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகள். 627 மூட்டையில் வந்திறங்கும் வெள்ளைப் பொடியாக அங்கேயே பழக்கம். முழுப்பெயர் டைசோடியம் குவானிலேட். உயிருள்ள ஒவ்வொரு செல்லிலும் ஆர்.என்.ஏ. என்றொரு நீண்ட சங்கிலி இருக்கிறது. அதன் நான்கு வகைக் கண்ணிகளில் ஒன்றைக் கழற்றி உப்பாக்கினால் இதுதான். தனியாக நாக்கில் வைத்தால் பெரிதாக ஒன்றுமில்லை. எம்.எஸ்.ஜி. என்ற சுவைகூட்டும் உப்போடு ஒரு சிட்டிகை சேர்ந்தால் வெறும் வெந்நீருக்கும் எலும்புச் சாற்றின் கனம் வந்துவிடும். காய்ந்த காளானைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து மெல்லச் சூடேற்றினால், அது தானாகவே பாத்திரத்தில் பிறக்கும்.

"எடுத்த எடுப்புல கொதிக்கிற தண்ணிய ஊத்திடாதீங்க லா. சங்கிலிய வெட்டுற கத்தி உள்ளதான் இருக்கு. அது வெந்து செத்துரும்." நொதிகளைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

இந்த ஊருக்கு வேலைக்கு வந்து அவர் கடைக்கு வாடிக்கையான எனக்கு, ஐந்தாம் ஆண்டில் கால் பெருவிரல் வீங்கியது. யூரிக் அமில அறிக்கையைக் கொண்டுபோய் அவர் முன் விரித்து, எல்லாம் இந்த 627-தானா என்று கேட்டேன்.

"ஒடம்புல இது ஒடைஞ்சாலும் கடைசில யூரிக் ஆசிட்தான் தம்பி. ஆனா பாக்கெட்ல இருக்கிறது சிட்டிகை. நாசி லெமாக் சோத்துல அள்ளித் திங்கிறீங்களே இக்கான் பிலிஸ், அது எவ்ளோ? மொதல்ல அந்த நெத்திலிய நிறுத்துங்க. அப்புறம் 627-ஐப் புடிச்சி ஜெயில்ல போடலாம்."

அவர் பெயர் வாங்கியது பச்சைப் புள்ளிகளால். 627-ஐ ஈஸ்டிலிருந்து எடுக்கலாம், மரவள்ளி மாவைப் புளிக்க வைத்து எடுக்கலாம், சார்டின் மீனிலிருந்தும் எடுக்கலாம். எதிலிருந்து என்று பாக்கெட்டில் இருக்காது. "எனக்கு ஹலால் முத்திரை போதும். மீனு எனக்கு ஆகும்ல. ஆனா விரதம் இருக்கிற அக்கா கேக்கிறது வேற கேள்வி. அதுக்கு அந்த முத்திரைல பதில் இல்ல."

ஆகவே கம்பெனி கம்பெனியாக மின்னஞ்சல் எழுதுவார். ஈஸ்ட் அல்லது மாவு என்று கடிதம் வந்தால், அந்தச் சரக்கின் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு பச்சை ஸ்டிக்கர். அதில் கடிதம் வந்த தேதி பொடி எழுத்தில். ஓராண்டுதான் செல்லும். பிறகு மறுபடி கேட்க வேண்டும். தைப்பூச விரதக்காரர்கள் பலர் பட்டியலைப் படிப்பதே இல்லை. புள்ளியைப் பார்த்துக் கூடையில் போடுகிறார்கள்.

அப்படிப் போட்டவர்களில் ஒருவர் சீதாலெட்சுமி. எழுபதை நெருங்குபவர். மகள் ஷாமினி திருமணமாகி எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு கருவுற்றிருக்கிறாள். அந்தப் பிள்ளைக்காக நாற்பத்தெட்டு நாள் சைவ விரதம் இருந்து, பத்துமலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். காளான் சூப் தூள்தான் அவருக்கு இரவு ஆகாரம்.

இருபத்தொன்பதாம் நாள் காலை, சுலைகா அனுப்பியிருந்த கேள்விக்குச் சூப் தூள் கம்பெனியின் பதில் வந்தது. சரக்கு கொடுப்பவரை மாற்றி இரண்டு மாதமாகிறது. இப்போது 627 சார்டினிலிருந்து வருகிறது. சுலைகா அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துப் புள்ளியைப் பார்த்தார். தேதி பதினான்கு மாதம் பழையது.

"ரெண்டு மாசம் தூங்கிட்டேன்" என்றார்.

நான் கல்லா அருகில்தான் நின்றேன். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீடு, கிழவி உடைந்துபோய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். ஈஸ்டிலிருந்து வந்தாலும் மீனிலிருந்து வந்தாலும் மூலக்கூறு ஒன்றுதானே, நாக்குக்கே தெரியாததை எதற்குச் சொல்ல வேண்டும் என்றேன்.

"எனக்கே பாடமா? அந்த வயித்துப் புள்ளையும் இதத்தான் செல்லு செல்லா செஞ்சிக்கிட்டிருக்கு, அது யாரையும் கேக்கல. மாலிக்யூலுக்கு விரதம் இல்ல தம்பி. அந்த அக்காவுக்கு விரதம்."

கடையை என்னிடம் விட்டுப் போவார் என்று நினைத்தேன். ஷட்டரையே இறக்கிவிட்டார். சீதாலெட்சுமியின் அடுக்குமாடியில் மின்தூக்கி பழுது. வலிக்கும் முட்டியோடு நான்கு மாடி ஏறினார். நானும் பின்னால் போனேன்.

சுலைகா நீட்டிய கம்பெனிக் கடிதத்தைச் சீதாலெட்சுமி வாங்கவில்லை. சுலைகா சொல்லி முடிக்கும்வரை ஷாமினி படுத்திருந்த அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுக்கா."

"அப்புறம் ஏன்டி அந்த முட்டிய வச்சிக்கிட்டு ஏறி வந்த?"

"புள்ளி நான் ஒட்டினது."

சீதாலெட்சுமி எழுந்து சமையலறைக்குப் போனார். அழப் போகிறார் என்று நினைத்தேன். பாதி காலியான சூப் பாக்கெட்டோடு திரும்பி வந்தார்.

"பால்குடம் எடுக்கத்தான் போறேன். தெரியாம தின்னத முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன். இன்னிக்கு ராத்திரிக்கும் மிச்சம் பத்தொம்போது நாளைக்கும் என்னா திங்கலாம், அத நீ சொல்லு."

சொல்லிக்கொண்டே பாக்கெட்டிலிருந்த பச்சைப் புள்ளியை உரித்து, சுலைகாவின் புறங்கையில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினார்.

சுலைகா சிரிக்கவில்லை. கையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பையிலிருந்து பேனாவை எடுத்து, புள்ளியில் இருந்த பழைய தேதியை அடித்துவிட்டு, அன்றைய தேதியைப் பொடி எழுத்தில் எழுதினார்.