வெளிச்சம் பார்க்கப் போனவள்

தியாகராய நகர் ஜவுளிக்கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஜாக்கெட் துணி எடுக்க வருகிறவர்கள் சேலையையும் கையோடு கொண்டுவருவார்கள். டியூப் லைட்டை நம்பித் துணியை வெட்டினால், வீட்டுக்குப் போனதும் பச்சை நீலமாகிவிடும். அதனால் விற்பனைப் பெண் இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வருவாள். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்த புண்ணியவான் யாரோ தெரியாது. ஃபிர்தௌஸ் அவருக்குத் தினமும் மனதுக்குள் சலாம் வைத்தாள்.

அவள் ராயப்பேட்டைக்காரி. கணவன் ஷோயப் ஓட்டியது வாடகை ஆட்டோ. தொண்ணூற்றாறு தீபாவளிக்கு முன்னால் பாண்டி பஜாரில் ஒரு கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. மேற்பார்வையாளர் ரகுபதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கைக்குழந்தை எதுவும் இல்லையே?"

"இல்ல சார்" என்றாள், வீட்டுத் தூளியில் நாலு மாதப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருக்க. உண்மையைச் சொல்லியிருந்தால் அப்படியே திருப்பி அனுப்பியிருப்பார்கள். அவளுக்கு வேலையும் வேண்டும், குழந்தைக்குத் தாய்ப்பாலும் வேண்டும். வேலையை விடு என்றார் மாமியார், பாலை நிறுத்து என்றாள் எதிர்வீட்டுக்காரி. எதையும் விடுவதாக ஃபிர்தௌசுக்கு உத்தேசம் இல்லை.

சீசன் நேரத்தில் பெண்கள் கடையை விட்டு வெளியே போகக் கூடாது, சாப்பாடும் மாடியிலேயே. ஆனால் வெளிச்சம் பார்க்கப் போகிறவளை யார் தடுக்க முடியும்? மதியம் ஒரு மணிக்கு ஷோயப்பின் ஆட்டோ கடையோரச் சந்தில் வந்து நிற்கும். பின்சீட்டில் பக்கத்து வீட்டு ஜைதூன் பீ, மடியில் குழந்தை. ஃபிர்தௌஸ் யாராவது ஒரு வாடிக்கையாளரை, "மாடில பட்டு புதுசா வந்திருக்கு, பாத்துட்டு வாங்கம்மா" என்று ஏற்றிவிடுவாள். அவர்கள் சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவிவிடுவாள். ஆட்டோவில் மழைக்கு இறக்கும் திரையைக் கொளுத்தும் வெயிலில் இறக்கிவிட்டுக்கொண்டு பால் கொடுப்பாள். "அடையாறு வருமா?" என்று கேட்டு வருகிறவர்களையெல்லாம் ஷோயப், "வண்டி ரிப்பேர்மா" என்று விரட்டுவான்.

ரகுபதி தேடினால், பக்கத்து கவுண்டரில் சேலை ஓரத்துக்குத் தைக்கும் ஃபால்ஸ் விற்கும் புஷ்பம் சொல்வாள்: "வெளிச்சம் பாக்கப் போய்க்கிறா சார்." ஏன் இத்தனை நேரம் என்று அவள் ஒருநாளும் ஃபிர்தௌசைக் கேட்டதில்லை.

ஒருநாள் மாட்டிக்கொண்டது விஜயலக்ஷ்மி மாமி, மயிலாப்பூர். மகள் கல்யாணத்துக்கு எடுத்த பாட்டில் பச்சைப் பட்டு. மாமியை மாடிக்கு அனுப்பிவிட்டு ஃபிர்தௌஸ் சந்துக்கு ஓடினாள். குழந்தை அன்று நிதானமாகக் குடித்தது. பின்னால் ஒரு லாரிக்காரன் வழிவிடச் சொல்லி ஹாரனை அலறவிட்டான். குழந்தையை ஜைதூன் பீயிடம் கொடுத்து, சீட்டில் மடித்துக் கிடந்த பச்சையை வாரிக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள்.

மாமி கவுண்டரில் காத்திருந்தாள். வாங்கிப் பிரித்தாள். முகர்ந்தாள்.

"என்னடி இது? கொழந்தைக்குப் போடற துணின்னா இது! பால் வாசனை அடிக்கறது. என் பட்டு எங்க?"

பச்சையில் பத்து விதம் சொல்லத் தெரிந்தவள், தன் பிள்ளையின் பழஞ்சேலை விரிப்பைப் பட்டு என்று எடுத்து வந்திருந்தாள். ரகுபதி வந்துவிட்டார்.

"சேலையை எங்கம்மா கொடுத்தே? யாருக்குக் கொடுத்தே?"

திருட்டுப் பட்டம் கட்டப்போகிறார்கள். அது ஒன்றைத்தான் அவளால் தாங்க முடியாது.

"யாருக்கும் குடுக்கல சார். என் வீட்டுக்காரர் ஆட்டோல போயிருச்சு. எனக்குக் கைக்குழந்தை இருக்கு. தினம் பால் குடுக்கத்தான் போனேன். அவரு பாத்ததும் கொண்டாந்துருவாரு."

"சேலை வந்ததும் நீ வீட்டுக்குக் கிளம்பலாம்" என்றார் ரகுபதி.

அவள் அழவில்லை. அழுதால் கத்தரி கோணும். அடுத்து நின்றவளுக்கு அரக்குத் துணியை அளந்து வெட்டிக் கொடுத்தாள். காது மட்டும் வாசலிலேயே இருந்தது.

ஷோயப் பட்டும் கையுமாக வியர்த்து வழிய ஓடிவந்தான். "இன்னா ஃபிர்தௌஸ் நீ! கொயந்தைய கெடத்தலாம்னு பாத்தா ஜரிகை மின்னுது!"

மாமி இரண்டு கரையையும் விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். ஒரு சொட்டுக் கறை இல்லை.

"சரி, நீ கிளம்பும்மா" என்றார் ரகுபதி.

"போகமாட்டேன் சார்" என்றாள் ஃபிர்தௌஸ். தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவளுக்கே தெரியாது. "பொய் சொன்னது என் தப்பு, ஒத்துக்கறேன். புள்ள பெத்தது தப்பு இல்ல. ஒரு மணிக்கு என்ன விடுங்க, மத்த நேரம் என் வேலையில ஒரு குறை சொல்லுங்க, நானே போயிடறேன்."

ரகுபதி வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டாள். "உங்க பஞ்சாயத்தெல்லாம் அப்புறம் வெச்சுக்கோங்கோ. எத்தனை நாழி நிக்கறது? இவளே எனக்கு ஜாக்கெட் துணி எடுத்துத் தரட்டும். மத்தவா எடுத்தா கலர் சேராது, நான் நாலு கடை ஏறி இறங்கணும்."

வாசல் வரை கூட்டம். ரகுபதி கூட்டத்தைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம்" என்றார்.

"இருபது சார். அவ மெதுவாத்தான் குடிப்பா."

"சரி சரி, கூட்டத்தைப் பாரு" என்றபடி அவர் கல்லாப் பக்கம் போனார்.

மறுநாள் ஒரு மணிக்கு ஃபிர்தௌஸ் கத்தரியைக் கீழே வைத்தாள். கவுண்டர் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "சார், புள்ளைக்குப் பால் குடுத்துட்டு வரேன்."

பக்கத்து கவுண்டரில் புஷ்பம் எழுதிக்கொண்டிருந்த பில்லை அப்படியே விட்டாள். முகம் சிவந்திருந்தது.

"சார்... எனக்கும் ஒண்ணு கீது. மாம்பலத்துலதான். நானும் போய்ட்டு வந்துர்றேன்."